ஸ்ட்ராபெர்ரி முக்கி எடுக்க எந்த சாக்லேட் வாங்குவது? இரண்டு தடவை கெட்டுப்போனது, உதவுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெளியே சொல்லியாகிவிட்டது, ஆனால் சாக்லேட் ஸ்ட்ராபெர்ரி மட்டும் அம்மாதான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கொடைக்கானலில் இருந்து பழம் வருகிறது, 40 பழம் செய்ய வேண்டும். முன்கூட்டியே இரண்டு தடவை செய்து பார்த்தேன். முதலில் சாதாரண மில்க் சாக்லேட் பாரை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினேன், நன்றாக உருகி வந்தது, திடீரென்று ஈர மணல் மாதிரி திரண்டுவிட்டது. இளகட்டும் என்று ஒரு ஸ்பூன் பால் விட்டேன், இன்னும் மோசம். அடுத்த தடவை சாக்லேட் சிப்ஸ். உருகியும் இட்லி மாவை விடக் கெட்டி, பழத்தில் திட்டுத்திட்டாக அப்பியது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே வெள்ளை பூத்து, அடியில் தண்ணீர் நிற்கிறது. கேக் சாமான் கடைக்காரர் காம்பவுண்ட் வாங்கச் சொல்கிறார், வீடியோக்களில் எல்லோரும் கூவர்ச்சர்தான் என்கிறார்கள், அதன் விலையோ அதிகம். விழா மதுரையில், எங்கள் மொட்டை மாடியில், சாயங்காலம். எதை வாங்க?

மலைத்தோட்டம்:
அக்கா, முதல் தடவை கெட்டதற்கு சாக்லேட் காரணமில்லை, தண்ணீர்தான். ஆவி ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் சர்க்கரை அதை உறிஞ்சி ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கட்டியாக்கிவிடும். கொஞ்சம் தண்ணீர்தான் ஆபத்து, நிறைய விட்டால் மறுபடி இளகிவிடும். அதனால் அதைக் கொட்டாதீர்கள், சூடான பால் தாராளமாக ஊற்றி அடித்துக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுங்கள். பழத்தை முக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவி, பருத்தித் துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் காய வைக்க வேண்டும். காம்பையும் இலையையும் கிள்ளக் கூடாது, கிள்ளினால் அந்த இடத்தில் சாறு கசியும்.

கோவை அடுப்பு:
சிப்ஸை விட்டுவிடுங்கள். அது ஓவன் அடுப்புக்குள்ளே போனாலும் வடிவம் கலையாமல் இருப்பதற்காகச் செய்தது, கோகோ பட்டர், அதாவது கோகோ கொட்டையின் கொழுப்பு, அதில் குறைவு, அதனால்தான் கெட்டியாக நின்றது.

கடைக்காரர் சொன்னதும் சரி, வீடியோவில் சொன்னதும் சரி. பாக்கெட்டின் பின்னால் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள். கொழுப்பு கோகோ பட்டர் மட்டும் என்றால் அசல் சாக்லேட், அதில் கோகோ பட்டர் அதிகமாக, குறைந்தது 31 சதவீதம் இருப்பதைத்தான் கூவர்ச்சர் என்கிறோம். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருந்தால் காம்பவுண்ட். கூவர்ச்சர் மெல்லிசாகப் படியும், கடித்தால் படக்கென்று உடையும், வாயில் வைத்ததும் கரையும். ஆனால் சும்மா உருக்கி முக்கினால் போதாது, டெம்பர் செய்ய வேண்டும், அதாவது சூட்டை அளவாக ஏற்றி இறக்கிப் பதப்படுத்த வேண்டும். கோகோ பட்டர் ஆறு விதமாக உறையக்கூடியது, அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும் உறுதியும் தருவது. அது உருகுவது சுமார் 34 டிகிரியில். மதுரை மொட்டை மாடியில் வெயில் காலத்துச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்! தட்டில் வைத்த அரை மணியில் கையெல்லாம் ஒட்டும்.

அதனால் மாடிக்குக் காம்பவுண்ட்தான் என் கருத்து. டெம்பர் வேண்டாம், சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வாயில் லேசாக மெழுகு மாதிரி நிற்கும், அது உண்மைதான், ஆனால் கொடைக்கானல் பழத்தின் புளிப்பு அதைப் பாதி மறைத்துவிடும். டார்க் காம்பவுண்ட் எடுங்கள், மில்க் அந்தப் புளிப்போடு சேரும்போது சப்பென்று இருக்கிறது.

பசுமலை:
இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் என்ன? ருசியும் கிடைக்கும், தாங்கவும் செய்யும்.

கோவை அடுப்பு:
தம்பி, தயவுசெய்து வேண்டாம். கோகோ பட்டரும் காம்பவுண்டில் இருக்கும் பாமாயில் கொட்டைக் கொழுப்பும் ஒன்றோடொன்று சேராது, கலவை இரண்டையும் விட இளகலாகிவிடும், சீக்கிரம் வெள்ளையும் பூக்கும். நான் ஒரு கல்யாண ஆர்டரில் இப்படிச் செய்து 200 பழத்தை மறுபடி செய்தேன். காம்பவுண்ட் கெட்டியாக இருந்தால் 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் வாசனையில்லாத தேங்காய் எண்ணெய் விடலாம், அது சேரும்.

வைகைக்கரை:
நன்றி அண்ணா. படுக்கையறையில் ஏசி இருக்கிறது. வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஒரு பத்துப் பழம் கூவர்ச்சரில் செய்யலாமா? அப்புறம் அந்த வெள்ளை எதனால்?

கோவை அடுப்பு:
தாராளமாகச் செய்யுங்கள். 200 கிராம் டார்க்கை நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை மைக்ரோவேவில் 20 விநாடி, கிளறல், மறுபடி 20 விநாடி என்று 45 டிகிரி வரை உருக்குங்கள். மிச்சத்தைப் போட்டு 31, 32 டிகிரிக்கு வரும் வரை கிளறிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். கத்தி நுனியை முக்கி ஏசி அறையில் வையுங்கள், ஐந்து நிமிடத்தில் பளபளவென்று உறைந்தால் தயார். அகலப் பாத்திரம் வேண்டாம், டம்ளரில் ஊற்றி முக்கினால் கொஞ்ச சாக்லேட்டிலேயே பழம் முழுக்க மூழ்கும்.

வெள்ளையை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று மறைந்தால் கொழுப்பு, டெம்பர் இல்லாததால் வந்தது. நறநறவென்று இருந்தால் சர்க்கரை, ஃப்ரிட்ஜ் ஈரம் பட்டதால் வந்தது. பழத்தையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் முக்காதீர்கள், மேலே நீர் கோத்துக்கொள்ளும்.

வைகைக்கரை:
திங்கள் காலை எழுதுகிறேன். மாடியில் 30 டார்க் காம்பவுண்ட், ஒன்றுகூட ஒழுகவில்லை, வந்த பிள்ளைகள் கால் மணியில் காலி செய்துவிட்டார்கள். கூவர்ச்சர் பத்தும் ஏசி அறையில், உறைந்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது, என் மாமியார் மட்டும் நான்கு சாப்பிட்டார். இலைப்பக்கம் சரியாகத் துடைக்காத இரண்டு பழத்தில் மட்டும் சாக்லேட் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.