புதுப்பிப்பு: பழைய ரெனோ டஸ்டர் டீசல் காரை வாங்கிவிட்டேன்

2015 மாடல் டஸ்டர் டீசல் வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்’ என்றார்கள், மீதிப் பேர் ‘பக்கத்திலேயே போகாதீர்கள்’ என்றார்கள். திட்டியவர்களைத் துருவிக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் டைமிங் பெல்ட்டை (பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று இசைந்து ஓட வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை) மாற்றாமலே ஓட்டியவர்கள்! அந்த 1.5 லிட்டர் எஞ்சினில் செயின் கிடையாது, பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து எஞ்சினுக்கே வேட்டு.

நான் பார்த்த வண்டியின் பழைய பில்களில் பெல்ட் மாற்றியதாக எதுவும் இல்லை. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன். மெக்கானிக் அண்ணன் கழற்றிய பெல்ட்டை வளைத்துக் காட்டினார்: பல்லுக்குப் பல் மயிரிழை விரிசல். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்தே மாற்றியாயிற்று.