பி.காம் படிப்பவனுக்கு உடலியங்கியல் எதற்கு?

தஞ்சை பிகாம்: இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு என்எம்இ, அதாவது நம் துறைக்கு வெளியே விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். எனக்கு ஒத்துவருகிற மாதிரி இருப்பவை இரண்டு: மனித உடலியங்கியல் (உடல் உறுப்புகள் வேலை செய்யும் விதம்) அறிமுகம், டேலி என்கிற கணக்கு மென்பொருள். பத்தாவதோடு அறிவியலை விட்டவன் நான். தாக்குப்பிடிப்பேனா?

மன்னை மைனர்: டேலி எடு தம்பி. நான் பி.ஏ. வரலாறு படிக்கும்போது உடலியங்கியல் எடுத்து மாட்டிக்கொண்டேன். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரான் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். அதில் ஹென்லே வளையம் என்று ஒன்று. அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. 41 மார்க். தப்பித்தேன்.

ஓய்வுபெற்ற விலங்கியல்: மன்னை, கோளாறு பாடத்தில் இல்லை, நடத்திய விதத்தில். அந்த வளையம் தண்ணீரை மிச்சம்பிடிக்கத்தான். சிறுநீரகங்கள் ரத்தத்திலிருந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. 15 லிட்டர் குடத்தில் 12 குடம். சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர்தான். மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே வரவு. பி.காம் பையனுக்கு இது புரியாதா?

மன்னை மைனர்: உவமைக்குத் தேர்வில் மார்க் கிடையாது ஐயா. எங்கள் வாத்தியாரும் இதயம் கல்லணை, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனி வெண்ணாறு, மயிரிழை போன்ற ரத்தக்குழாயான தந்துகி வயல் வாய்க்கால் என்று சொல்லித்தான் குழப்பினார். வெண்ணாற்றுத் தண்ணீர் கல்லணைக்குத் திரும்பி வருமா? வயல் குடித்தது போக மிச்சம் கடலுக்குத்தானே?

ஓய்வுபெற்ற விலங்கியல்: இந்த ஒரு கேள்விக்கே உங்களுக்கு 60 போட்டிருப்பேன்! ரோமாபுரிக் காலத்து வைத்தியர் கேலன் நினைத்ததும் வயல் கணக்குதான். கல்லீரலில் ரத்தம் ஊறும், உடம்பு உறிஞ்சித் தீர்க்கும் என்றார். 1628-ல் ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி அதை மறுத்தார். அவர் போட்ட கணக்கை இன்றைய அளவில் சொல்கிறேன்: இதயம் வெளியே தள்ளும் ரத்தம் துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஏறக்குறைய 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். தின்கிற சோற்றிலிருந்து இவ்வளவு ஊறுமா? அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிவர வேண்டும். தந்துகியைக் கண்ணால் பார்க்காமலே சொன்னார்.

ஆரூர் சிஸ்டர்: குறுக்கே வருகிறேன், இந்தப் பாடம் வீட்டுக்கும் உதவும். பேதியாகிற குழந்தைக்கு ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் கொடுத்தால், "சர்க்கரை சளி பிடிக்கும்" என்று வெறும் உப்புத்தண்ணீர் கொடுக்கிறார்கள். குடல் சுவரில் ஒரு வாசல் உண்டு. உப்பும் குளுக்கோஸும் அதில் ஜோடியாகத்தான் நுழையும், பின்னாலேயே தண்ணீர் போகும். இன்னும் சிலர் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துவிடுகிறார்கள். அவ்வளவு கெட்டியாகக் கொடுத்தால் பேதி கூடத்தான் செய்யும்.

மன்னை மைனர்: சரி சிஸ்டர், இதற்கு ஒரு பருவமும் தேர்வுமா? நீங்கள் பத்து நிமிடம் சொன்னால் போதாதா? கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலைக்குப் போனால், டேலி தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆரூர் சிஸ்டர்: பத்து நிமிடம் சொல்லி அனுப்பியவர்கள்தான் அடுத்த தடவையும் டம்ளரோடு வருகிறார்கள்.

தஞ்சை பிகாம்: டேலி எங்கள் தெருவிலேயே சொல்லித்தருகிறார்கள், லீவில் போய்க்கொள்கிறேன். உடலியங்கியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மன்னை அண்ணே, பழைய நோட்டு இருக்கிறதா?

மன்னை மைனர்: பரணில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள். ஹென்லே வளையத்துக்கு அப்புறம் எல்லாப் பக்கமும் வெள்ளைதான்.