ஆறு வாரத்தில் விதையா? மாணவர்களை அரபிடாப்சிஸ் லேபுக்குத் துரத்தாதீர்கள்

கோதுமைக்காரன்:
முதுகலை சேர்க்கைத் திரியில் பச்சையம் நேற்று ஓர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் தாவர அறிவியல் எம்எஸ்சி படிக்கப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அரபிடாப்சிஸ் (ஆய்வுக்கென்றே வளர்க்கும், கடுகுக் குடும்பத்துச் சின்னக் களைச்செடி) வளர்க்கும் லேபில் சேர்ந்துவிட வேண்டுமாம். "விதையிலிருந்து விதைக்கு ஆறே வாரம். ஆறு மாத ஆய்வேட்டில் மூன்று தலைமுறை பார்த்துவிடலாம். பயிரில் கைவைத்தால் ஒன்றுகூடத் தேறாது." அவர் எழுதியது அப்படியே இதுதான்.

இதற்குக் கீழே நன்றி சொல்லி வரிசையாகப் பதிவுகள். அதைப் பார்த்த எரிச்சலில்தான் தனித் திரி. ஆறு வாரம் எந்த லேபில் ஐயா? நான் படித்த இடத்தில் பக்கத்து மேஜைக்காரப் பெண் வளர்த்ததும் இதே செடிதான். இரண்டு மாதம் தாண்டியும் காய் பச்சையாகவே நின்றது. விசா தேதி மட்டும் பச்சையாக நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது.

பச்சையம்:
என் புண்ணியத்தில் உங்களுக்கு ஒரு திரி கிடைத்ததே, மகிழ்ச்சி. கொலம்பியா ரகம், 16 மணி நேர வெளிச்சம், 22 டிகிரி. ஆறு வாரம். தாவரங்களிலேயே முதன்முதலில் முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டது இந்தச் செடிக்குத்தான், 2000-இல். வேறு வேலை இல்லாமலா உலகமே இதைத் தேர்ந்தெடுத்தது? பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு வளரவில்லை என்றால் விளக்கைப் பாருங்கள். யாராவது 8 மணி நேர வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். அதில் இலை மட்டும்தான் தட்டுத் தட்டாக விடும், பூந்தண்டு வர வெகுநாள் ஆகும்.

கோதுமைக்காரன்:
விளக்கு சரியாகத்தான் இருந்தது. நீங்கள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். விதைக்கும் முன் ஈரத்தோடு இருட்டில் 4 டிகிரியில் மூன்று நாள் வைக்கிறோமே, அது உங்கள் ஆறு வாரத்தில் எங்கே இருக்கிறது? காய் பழுத்து, தண்டு காய்ந்து, பையில் உதிர்த்து, சலித்து, உலர்த்துவது எங்கே? மரபணு மாற்றிய விதையை ஆன்டிபயாட்டிக் தட்டில் போட்டு, எது பச்சை (மரபணு ஏறியது) எது வெளுப்பு (ஏறாதது) என்று பார்க்கக் காத்திருப்பது எங்கே? இதையெல்லாம் ஏழாவது வாரம் கனவில் செய்வீர்களா?

இலைத்துளை:
ஒரு சின்னக் கேள்வி. இருவரும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எண்ணுகிறீர்கள்? விதைத்த நாளா, முளைத்த நாளா? முதல் காய் பழுப்பதா, செடி முழுக்க அறுவடை ஆவதா? இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

பச்சையம்:
மூன்று நாளைப் பிடித்துத் தொங்குகிறார். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். முதல் வருட மாணவருக்கே தெரியும்.

கோதுமைக்காரன்:
முதல் வருட மாணவருக்குத் தெரியும், செடிக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் ஆறையே வைத்துக்கொள்வோம். மூன்று தலைமுறைக்கு 18 வாரம். ஆறு மாதம் என்பது 26 வாரம். மிச்சம் எட்டு வாரம்தான். வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர் அதற்குள் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும், மரபணு மாற்றிய செடி இருக்கும் அறைக்கு அனுமதி அட்டை வாங்க வேண்டும், குரோத் சேம்பரில் (வெளிச்சமும் வெப்பமும் கட்டுப்படுத்திய செடி வளர்ப்பு அறை) ஒரு தட்டு இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும், கடைசியில் முடிவுகளை அலசி ஆய்வேட்டையும் எழுத வேண்டும். ஆறு என்பது எட்டாகிவிட்டால்? 24 வாரம் போச்சு. மிச்சம் பதினான்கு நாளில் ஆய்வேடு. ஈரமண்ணில் முட்டையிடும் அந்தச் சின்னக் கறுப்பு ஈ வந்து அதன் புழு வேரைத் தின்றதென்றால் கணக்கே வேண்டாம். இதை ஏன் உங்கள் பதிவில் எழுதவில்லை? அதுதான் என் கேள்வி.

பச்சையம்:
யாரும் மரபணு புகுத்துவதற்காகப் பூவை பாக்டீரியாக் கரைசலில் முக்கி எடுப்பதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லவில்லை. 1998-லிருந்து அந்த முறை இருக்கிறது, தெரியும். ஆனால் எம்எஸ்சி மாணவர் நாட்டிங்ஹாம் விதை மையத்துக்கோ ஓஹாயோ மையத்துக்கோ எழுதிப்போட்டால் மரபணு உடைத்த விதை தபாலில் வருகிறது. வந்ததை விதைத்து, இலையில் ஒரு துண்டு கிள்ளி, மரபணுவைச் சோதிக்கும் பிசிஆர் போட்டு, இரண்டு பிரதியும் உடைந்த ஹோமோசைகஸ் செடி எது என்று பிரித்துவிட்டால் வேலை ஆரம்பம். உங்கள் கோதுமையில் இப்படி நடக்குமா? ஒவ்வொரு மரபணுவும் மூன்று பிரதி. ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டுச் சிரிக்கும். மரபணுத்தொகுதியோ அரபிடாப்சிஸைப் போல நூறு மடங்குக்கு மேல்.

கோதுமைக்காரன்:
விதை தபாலில் வருகிறதென்றால் மூன்று தலைமுறை எதற்கு? நேற்று மூன்று தலைமுறை என்றீர்கள், இன்று விதை மையம் என்கிறீர்கள். நாளை செடியே வேண்டாம், கணினி போதும் என்பீர்கள்.

கோதுமையை இழுத்தீர்கள் அல்லவா, அதற்கும் பதில் இருக்கிறது. 2018-இல் வேகப் பயிர்ப்பெருக்கம் பற்றிய கட்டுரை வந்தது. தினம் 22 மணி நேர வெளிச்சம், வசந்தகாலக் கோதுமை ஆண்டுக்கு ஆறு தலைமுறை. "ஒன்றுகூடத் தேறாது" என்று எழுதிய கையால் அதையும் ஒருமுறை புரட்டுங்கள்.

பச்சையம்:
ஆண்டுக்கு ஆறு என்றால் தலைமுறைக்கு எட்டு வாரத்துக்கு மேல். அதுவும் மணி முழுதாக முற்றும் முன்பே அறுத்து உலர்த்திச் செய்கிற வித்தை. என் ஆறுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். அப்புறம் குளிர்காலக் கோதுமை? தட்பப்பதனத்துக்கே, அதாவது பூக்க வைக்கக் குளிர் காட்டுவதற்கே, ஆறு எட்டு வாரம் குளிரில் கிடக்கும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே நம் நேர்மையாளர்.

கோதுமைக்காரன்:
வசந்தகாலக் கோதுமை என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுப் படியுங்கள். எட்டு வாரம் என்றால் நாங்கள் எட்டு என்றே சொல்கிறோம், ஆறு என்று சொல்லி மாணவரை விமானத்தில் ஏற்றுவதில்லை. தட்பப்பதனம் உங்கள் செடிக்கும் உண்டு. குளிர் படும் வரை எஃப்எல்சி என்ற மரபணு பூப்பதைப் பூட்டி வைத்திருக்கும் காட்டு ரகங்கள் எத்தனை? அந்த ரகத்தை ஒரு மாணவர் கையில் கொடுத்தால் உங்கள் ஆறு வாரத்தில் இலைதான் இருக்கும்.

வரப்பு:
ஒருவர் களை வளர்க்கிறார், ஒருவர் அறைக்குள் கோதுமை வளர்க்கிறார். இரண்டு பேருக்கும் வயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. நல்ல பொழுதுபோக்கு, தொடருங்கள்.

பச்சையம்:
வந்துவிட்டார் வரப்பு. திசு வளர்ப்புத் திரியில் மட்டுறுத்துநர் உங்கள் பதிவுகளை நீக்கியதற்கு இன்னும் என்மேல் கோபமா? அந்தக் களையில் கண்டுபிடித்த பூக்கும் மரபணுக்களை வைத்துத்தான் அதன் உறவுக்காரப் பயிரான கடுகு வகைகளில் இன்று பூக்கும் காலத்தையே ஆராய்கிறார்கள். பிஎச்டி மாணவனாக ஐரோப்பாவில் இருக்கிறேன், தெரிந்துதான் பேசுகிறேன்.

வரப்பு:
நீக்கச் சொல்லி எழுதிப்போட்டது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அது கிடக்கட்டும், "பிஎச்டி மாணவன்" என்கிறீர்கள். நெதர்லாந்தில் இருப்பதாகத்தானே போன மாதம் சொன்னீர்கள்? அங்கே பெரும்பாலும் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர். மாணவர் விசாவில் வருகிறவருக்கு அறிவுரை சொல்லும்போது அதையும் சொல்லுங்கள்.

பச்சையம்:
உதவித்தொகையில் வருகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். நான் எதில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

வரப்பு:
ஆக, ஊழியர்தான்.

முதுகலைக்கனவு:
அண்ணன்மாரே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு, ஆய்வுத் திட்டம் கோடையில் மூன்று மாதம். இன்னொன்று நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஈராண்டு, 120 கிரெடிட், அதில் ஆய்வேடு மட்டும் 36. எதில் எந்தச் செடி எடுப்பது என்று குழப்பமாக இருக்கிறது. இளங்கலையில் நான் சேகரித்த விதைகள் ஓர் உறையில் இருக்கின்றன, அதையும் எடுத்துப் போகலாமா?

கோதுமைக்காரன்:
பாருங்கள், பச்சையம் அறிவுரையின் விளைவு கண்முன்னே. தம்பி, மூன்று மாதம் என்பது 13 வாரம். அவர் கணக்கில் இரண்டு தலைமுறை, என் கணக்கில் ஒன்றரை. அந்த அரைத் தலைமுறையை வைத்துப் பட்டம் தரமாட்டார்கள். கைடிடம் முதலிலேயே கேளுங்கள்: விதை தயாராக இருக்கிறதா, குரோத் சேம்பரில் எனக்கென்று இடம் இருக்கிறதா, சனி ஞாயிறு யார் தண்ணீர் ஊற்றுவது. செடியின் பெயரை அதற்கப்புறம் கேட்டால் போதும்.

பச்சையம்:
தம்பி, மூன்று மாதத் திட்டத்துக்கு அரபிடாப்சிஸை விட்டால் வேறு வழியே இல்லை. ஆறு வாரம்.

வரப்பு:
விதை உறையைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் போகாததா?

இலைத்துளை:
வரப்பு, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பெட்டியில் வரும் நடவு விதைக்கும் பைட்டோசானிட்டரி சான்றிதழ் (நோய், பூச்சி இல்லை என்று மூலநாடு தரும் சான்று) வேண்டும். விலக்கு உள்ளவை அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை என்று ஐந்தே பழங்கள். அதோடு காட்டிலிருந்து சேகரித்த விதை என்றால் நகோயா நெறிமுறைப்படி (ஒரு நாட்டின் உயிரின வளங்களை எடுப்பது பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) மூலநாட்டின் அனுமதியும் கேட்பார்கள். காகிதம் இல்லாத விதையை நல்ல லேப் எதுவும் உள்ளே விடாது.

வரப்பு:
துரியன் போகலாம், நாலு விதை போகக்கூடாது. அருமையான அறிவியல்.

பச்சையம்:
நோய்க்கிருமி விதை வழியாகப் போகும் என்பதுகூடத் தெரியாமல் வயலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

வரப்பு:
ஊழியர் பேசுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கோதுமைக்காரன்:
துரியனை விடுங்கள். இவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பச்சையம், உங்கள் சொந்த ஆய்வேட்டிலேயே செய்முறைப் பகுதியில் அறுவடை எத்தனையாவது வாரம் என்று எழுதியிருப்பீர்களே, அந்த ஒரு வரியை இங்கே போடுங்கள். ஆறு என்று இருந்தால் இந்தத் திரியை நானே பூட்டச் சொல்கிறேன்.

பச்சையம்:
என் ஆய்வேட்டை ஏன் உங்களிடம் காட்ட வேண்டும்? நீங்கள் யார், தேர்வாளரா?

கோதுமைக்காரன்:
புரிந்தது. ஏழா, எட்டா என்று மட்டும் சொல்லுங்கள்.

இலைத்துளை:
நான்காவது பதிவிலிருந்து நானும் இதைத்தான் கேட்கிறேன். எண்ணுவது எந்த நாளிலிருந்து?

பச்சையம்:
இவரும் அவர் ஆள்தான் போல. முன்பு நுண்ணோக்கித் திரியிலும் இருவரும் சேர்ந்துதான் வந்தீர்கள்.

இலைத்துளை:
நான் யார் ஆளும் இல்லை. நுண்ணோக்கித் திரியில் நான் எழுதவே இல்லை.

கோதுமைக்காரன்:
ஆள் சேர்க்கத் தேவையில்லை, உங்களுக்கு நான் ஒருவனே போதும்.

முதுகலைக்கனவு:
நன்றி அண்ணன்மாரே. பிரிட்டன் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். அவர் லேபில் அரபிடாப்சிஸும் இல்லை, கோதுமையும் இல்லை, பாசியாம். பாசிக்கு எத்தனை வாரம்?

கோதுமைக்காரன்:
பாசியைப் பச்சையத்திடம் கேளுங்கள். பச்சையாக எது இருந்தாலும் ஆறு வாரம் என்பார்.

பச்சையம்:
மட்டுறுத்துநருக்கு எழுதியிருக்கிறேன்.

வரப்பு:
அதானே பார்த்தேன்.