நகர்ப்பொறி: கிடுகு வேண்டாம், அண்ணா

அண்ணா, வணக்கம்.

நகரங்களின் கேடயச் சின்னத்துக்கு (coat of arms) தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த 'கிடுகுப்பொறி' பழந்தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பட்டினப்பாலையில் கிடுகு என்றால் கேடயம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலிக்குரியது. நேற்றுத்தான் கிழக்கு வேலிக்குக் கிடுகு பின்னினோம். ஊறிய தென்னோலையின் மணம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. இங்குள்ள மாணவருக்கு அந்தச் சொல்லில் கேடயம் தெரியவே தெரியாது.

'இலச்சினை'யும் எனக்கு உடன்பாடில்லை. வங்கிக்கும் கடைக்கும் உள்ள வணிகச் சின்னத்தை அப்படித்தான் எழுதுகிறோம். அதில் ஒரு கோடு மாறினாலும் பிழை. நாம் பேசும் ஐரோப்பிய மரபிலோ மூலம் படம் அல்ல, சொல். புலத்தின், அதாவது கேடயப் பின்னணியின், நிறம் எது, அதில் என்ன உருவம், எந்த நிலையில் என்று ஒரு வாக்கியம் வகுத்துவிடும். உருவம் பனை என்றால், வரைபவர் அதன் ஓலையை எப்படி விரித்து வரைந்தாலும் சின்னம் அதுவே.

ஆகவே 'பொறி' மட்டும் போதும். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்கள்மேல் புலி பொறித்ததையும் அதே பட்டினப்பாலை சொல்கிறது. நகருக்கு நகர்ப்பொறி, குடும்பத்துக்குக் குடிப்பொறி, சின்னத்தை வகுக்கும் அந்த வாக்கியத்துக்குப் பொறியுரை. இச்சின்னங்களை ஆராயும் துறையைப் 'பொறியியல்' என்றால் எந்திரம் குறுக்கிடும். நிலநூல், உளநூல் போலப் 'பொறிநூல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒல்லாந்தர் காலத்துப் பொறிகளில் இவற்றைப் பொருத்திப் பார்த்தேன். காலிக்குச் சேவல், போர்த்துக்கீச மொழியில் 'காலோ' சேவல். கொழும்புக்கு மாமரம், சிங்களத்தில் நகரின் பெயர் 'கொளம்ப', 'அம்ப' மாங்காய். இரண்டும் பெயரின் ஓசையைப் பிடித்துப் பிறந்தவை. 'பெயரொலிப் பொறி' எனலாம். யாழ்ப்பாணத்துக்குப் பனை. பெயரைக் கேட்டு வரைந்திருந்தால் யாழ் வந்திருக்கும். பனஞ்சிலாகைகளை, அதாவது கூரைக்கான பனைமரச் சட்டங்களை, கப்பலேற்றி விற்ற ஒல்லாந்தருக்கு மரம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். எனக்கு அதில் மனக்குறை இல்லை. நம் மண்ணை அதைவிட நன்றாகச் சொல்லும் உருவம் வேறு எது?

இன்னொன்றுக்கு உங்கள் உதவி வேண்டும். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின், 'சேது' என்று பொறித்த நாணயத்தில் இடபம் கால் மடித்து, தலை நிமிர்த்திப் படுத்திருக்கிறது. உருவங்களின் நிலையைச் சொல்லக் கோயில் வழக்கில் நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று உண்டு. பொறியுரையில் 'கிடந்த இடபம்' என்று எழுதலாமா? தலை நிமிர்ந்திருப்பதை அந்தச் சொல் காட்டவில்லை என்பதுதான் என் தயக்கம்.