பிளேட்லெட் ஏறிக்கொண்டே போகிறது, ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

வைகைக்கரை: என் மனைவிக்கு வயது 36. எப்போதும் களைப்பு என்பதால் ஜனவரியில் ரத்தப் பரிசோதனை செய்தோம். பிளேட்லெட் 4.9 லட்சம். மார்ச்சில் 5.4, இப்போது 6.1. 1.5 முதல் 4.5 லட்சம் வரைதான் சரியான அளவு என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்றே வருகிறது. டெங்குவில் குறைந்தால் பப்பாளி இலைச்சாறு கொடு என்று ஊரே சொல்லும். கூடினால் என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. மாமனார் மட்டும், தான் இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினைக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

லேப்காரர்: காரணம் தெரியாமல் கொடுக்காதீர்கள். பிளேட்லெட் வரியை விட்டுவிட்டு மேலே பாருங்கள்: ஹீமோகுளோபின், எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரிப் பருமன்) எவ்வளவு? மாதவிடாய் அதிகமா? காய்ச்சல், மூட்டு வீக்கம் உண்டா? மண்ணீரலை அகற்றியிருக்கிறார்களா?

வைகைக்கரை: ஹீமோகுளோபின் 9.2, எம்.சி.வி. 67. மாதவிடாய் ஏழெட்டு நாள் நீடிக்கிறதாம். நீங்கள் கேட்டதால்தான் எனக்கே தெரிந்தது. மற்றவை இல்லை.

லேப்காரர்: நல்லவேளை, ஆஸ்பிரின் கொடுக்கவில்லை, ரத்தப்போக்கு இன்னும் கூடியிருக்கும். ஹீமோகுளோபின், எம்.சி.வி. இரண்டுமே குறைவு, மாதவிடாயும் அதிகம். அதனால் இரும்புச்சத்துக் குறைபாடுதான் முதல் சந்தேகம். இரும்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டை அதிகமாக உண்டாக்கும். இன்னொன்றும் உண்டு. பல இயந்திரங்கள் அணுக்களைப் பருமனை வைத்தே பிரிக்கின்றன. மிகவும் சிறுத்த சிவப்பணுக்கள் சில, பிளேட்லெட் கணக்கில் விழுந்துவிடலாம். ஆகவே கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் தேவை. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பாருங்கள். உடலில் அழற்சி இருந்தால், இரும்பு வற்றியிருந்தாலும் ஃபெரிட்டின் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

மல்லிகா: எனக்கு இரும்பு, சி.ஆர்.பி. எல்லாம் சரி, பிளேட்லெட் மட்டும் 9 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஜாக்2 மரபணுப் பரிசோதனையும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்து, எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா (எலும்பு மஜ்ஜை தானாகவே பிளேட்லெட்டை அளவுக்கு மீறி உண்டாக்கும் நோய்) என்றார்கள். அதையும் ரத்தப் புற்று வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பிளேட்லெட்டைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு நான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். இரும்பு நிறைந்த பிறகும் எண்ணிக்கை இறங்காவிட்டால் ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள் தம்பி. இடையில் நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், ஒரு கால் மட்டும் வீங்குதல் என்று எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வைகைக்கரை: ஃபெரிட்டின் 5. சி.ஆர்.பி. சரி. ஸ்மியரில் சிறுத்து வெளிறிய சிவப்பணுக்கள். பிளேட்லெட்டும் உண்மையிலேயே அதிகம்தான். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதி, கர்ப்பப்பை ஸ்கேனுக்கும் அனுப்பியிருக்கிறார். மாத்திரை தொடங்கியதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

லேப்காரர்: இரும்பு மாத்திரைக்கு அது வழக்கம்தான். பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரையைக் காபி, டீ, பாலோடு சேர்க்க வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள். உடலின் இருப்பு நிறைவதற்குப் பொதுவாக மேலும் மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள். மறுபரிசோதனையை அதே லேபில் செய்யுங்கள். மாமனாரின் ஆஸ்பிரின் மாமனாருக்கே இருக்கட்டும்.