பங்காருவுக்கும் ஓர் இலை போடலாமா?

நகரித்தறி:
வணக்கம். தை மாதம் என் அத்தைக்கு முதல் திதி வருகிறது. அதை வைத்து வீட்டில் ஒரு சண்டை. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆந்திராவில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ராட்டை போட்டு, தறிக்கு நூல் தார் சுற்றியே காலத்தைக் கழித்தார். எட்டு வயதில் அவருக்குப் பங்காரு என்று ஒரு தோழி வந்தாள். வேறு யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். எழுபத்து மூன்றில் அத்தை கண்ணை மூடும்வரை கூடவே இருந்தாள். பேய், பிடாரி என்று யாரும் சொன்னதில்லை. அத்தையே "நானா உண்டாக்கிக்கிட்டவதான்" என்று சிரிப்பார். ஆனாலும் காபி இரண்டு டம்ளர் வர வேண்டும். பங்காரு தெலுங்கில்தான் பேசுவாள். அத்தை அதை எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

திதிக்கு இரண்டு இலை போட வேண்டும் என்கிறார் அம்மா. "இல்லாதவளுக்கு என்ன படையல்?" என்கிறார் அப்பா. அத்தை போன பிறகு பங்காரு எங்கே? அவளுக்கு ஆன்மா என்று ஒன்று உண்டா?

ரேணிகுண்டா பாசஞ்சர்:
அத்தைக்கு என் அஞ்சலி. பங்காருவும் அன்றைக்கே போய்விட்டாள், ஆனால் அஞ்சலி ஒருவருக்குத்தான்.

அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜோரி டெய்லர் என்ற உளவியலாளர் இதையே பல வருடம் ஆராய்ந்தவர். அவர் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஏதோ ஒரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது. உங்கள் அத்தைக்கு அது மங்கவில்லை, அவ்வளவுதான். அத்தனை பேருக்கும் ஆன்மா கொடுத்தால் மேலே இடம் போதாது.

சித்தூர்ச் சைவன்:
பாசஞ்சர் தம்பி சொன்ன முடிவு சரி, காரணம் தப்பு. உயிரை யாராலும் உண்டாக்க முடியாது. "பதியினைப் போற்பசு பாசம் அனாதி" என்பது திருமந்திரம். பதி என்கிற இறைவனைப் போலவே பசு என்கிற உயிரும் என்றைக்கும் உள்ளது. இறைவன் அதற்கு உடம்பையும் உலகத்தையும் தருகிறானே தவிர, உயிரை அவனும் படைப்பதில்லை. அவனே செய்யாததை ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த எட்டு வயதுப் பெண் செய்துவிட்டாளா?

பள்ளிப்பட்டு டீச்சர்:
ஐயா, படைக்க முடியாது, சரி. ஏற்கெனவே இருக்கிற உயிர் ஒன்று அந்த நினைப்பில் வந்து தங்கக் கூடாதா? பூசலார் நாயனாரை மறந்துவிட்டீர்களா? திருநின்றவூரில் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் அரசன் கல்லால் எழுப்பிய கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில், சிவன் பூசலார் கோயிலுக்குத்தானே வந்தார்? மனத்தில் கட்டியது பொய் என்றால் அவர் எங்கே வந்து உட்கார்ந்தார்?

சித்தூர்ச் சைவன்:
பூசலார் கட்டியது கோயிலை, டீச்சரம்மா. சிவனைக் கட்டவில்லை. வந்தவர் முன்பே இருந்தவர். அடுத்து, உயிர் உடம்பெடுப்பது வினையை அனுபவிக்க. பங்காருவுக்கு எப்போதாவது காய்ச்சல் வந்ததா? கடன் இருந்ததா? அறுபத்தைந்து வருடம் வெறும் காபியோடு முடிந்த வினையை நான் கேள்விப்பட்டதில்லை.

பள்ளிப்பட்டு டீச்சர்:
காய்ச்சல் வந்தால்தான் உயிர் என்றால் என்ன சொல்வது. மனத்தால் உண்டாக்குகிற உருவத்தைத் திபெத்தில் 'துல்பா' என்பார்கள். பிரெஞ்சுப் பெண்மணி அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல் 1929இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். குட்டையாக, குண்டாக, சிரித்த முகத்தோடு ஒரு பிக்குவை மனத்தால் உருவாக்கினாராம். நாளாக ஆக அந்த ஆள் இளைத்து, முகத்தில் ஒரு கேலி வந்து, சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டான். கரைக்க ஆறு மாதம் பிடித்தது. தன் இஷ்டத்துக்கு மாறுகிற ஒன்று, உண்டாக்கியவரின் கைப்பாவைதானா?

ரேணிகுண்டா பாசஞ்சர்:
அக்கா, அந்தக் கதை உங்களுக்கே எதிராகப் போகிறது. கரைந்தான் இல்லையா? அம்மையார் 1969 வரை, நூறு வயதைத் தாண்டி இருந்தார். பிக்கு எங்கே?

அப்புறம், துல்பா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பௌத்தத்திலிருந்து. நிலையான ஆன்மா மனிதனுக்கே கிடையாது என்கிற மதம் அது. அங்கே போய்ச் சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு வந்து ஆன்மா கேட்கிறோம். இப்போது பேசப்படுகிற துல்பாவில் திபெத்தை விட நம் அடையாறு பிரம்மஞான சபையின் சாயல்தான் அதிகம். அந்தச் சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எண்ணங்களுக்கு உருவம் உண்டு என்று எழுதினார்கள். அவர்கள் கணக்கிலும், திரும்பத் திரும்ப நினைக்கும்வரைதான் அந்த உருவத்துக்கு ஆயுசு.

சொன்ன பேச்சைக் கேட்காததும் பெரிய அதிசயமில்லை. அதே டெய்லர் 50 கதாசிரியர்களைக் கேட்டபோது, தங்கள் பாத்திரங்கள் தானாகவே பேசுவதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். கை போனவருக்கும் கை வலிக்கும், புத்தூரில் கட்டுப் போடுகிறவர்களைக் கேளுங்கள். வலி நிஜம். கை இல்லை.

நகரித்தறி அண்ணே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். பங்காருவுக்குத் தெரிந்து அத்தைக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?

நகரித்தறி:
உண்டு. தெலுங்கு. அத்தைக்கு ஒரு வார்த்தை வராது. கடையில் உப்பு வாங்குவதற்குக்கூட எங்களில் ஒருவர் போக வேண்டும்.

ரேணிகுண்டா பாசஞ்சர்:
நகரியில் எழுபது வருடம் இருந்துவிட்டுத் தெலுங்கு தெரியாதா! வாயில் வராது என்பது வேறு, காதில் ஏறவில்லை என்பது வேறு. எங்கள் ஆயாவும் அப்படித்தான். தெலுங்கு தெரியாது என்பார், பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதையும் மறுநாள் ஒப்பிப்பார்.

பள்ளிப்பட்டு டீச்சர்:
பாசஞ்சர் சொல்வதை இந்த ஒரு இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். தெருவில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட ஒரு பெண், தனக்காகத் தெலுங்கு பேச ஒருத்தியை வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

நகரித்தறி:
இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். கடைசி வாரம், காய்ச்சலில், அத்தை வாயால் ஒரே ஒருமுறை தெலுங்கு கேட்டோம். "நுவ்வு முந்து வெள்ளு, நேனு வஸ்தா." நீ முன்னால் போ, நான் வருகிறேன். சுத்தமான உச்சரிப்பு.

அத்தை பங்காருவிடம் சொன்னது என்கிறார் அப்பா. அப்படியென்றால் பங்காரு முதலில் போய்விட்டாள். பங்காரு அத்தையிடம் சொன்னது என்கிறார் அம்மா. அப்படியென்றால் அவள் இன்னும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறாள்.

சித்தூர்ச் சைவன்:
எப்படிப் பார்த்தாலும் பேசியது ஒரே வாய், தம்பி. ஒரே உயிர்.

ரேணிகுண்டா பாசஞ்சர்:
எனக்கும் அதேதான் தோன்றுகிறது, ஆனால் இதற்கு மேல் வாதாடப் பிடிக்கவில்லை. அந்த இரண்டாவது டம்ளர் காபியை யார் குடிப்பார்?

நகரித்தறி:
ஆறின பிறகு அத்தைதான். "அவளுக்குப் போதுமாம்" என்று சொல்லிவிட்டு.

ரேணிகுண்டா பாசஞ்சர்:
அப்படியானால் இரண்டாவது இலையும் அத்தைக்குத்தான். அப்பாவிடம் சொல்லுங்கள், தாராளமாகப் போடலாம்.

சித்தூர்ச் சைவன்:
இலை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். எள்ளும் தண்ணீரும் விடும்போது பேர் ஒன்றுதான்.

நகரித்தறி:
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேர் விஷயத்தில் ஐயா சொன்னபடியே செய்யலாம் என்கிறார். இரண்டாவது இலையில் மட்டும் சாம்பார் வேண்டாமாம். தெலுங்குப் பப்பு வைக்கப் போகிறார்.