மொராக்கோ கோழி: குழம்பு தண்ணியா ஓடுது, கசக்கவும் கசக்குது. அவசரம்!

புது_அடுப்பு | பிற்பகல் 3.10
வணக்கம். எலுமிச்சை, ஆலிவ் போட்டு செய்ற மொராக்கோ கோழி செஞ்சிருக்கேன். குழம்பு ரசமா ஓடுது, வாயில வச்சா கசக்குது. மசாலா எல்லாம் சரியாத்தான் போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆளுங்க சாப்பிட வர்றாங்க. என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

திருச்சி_தம்பி | 3.16
அக்கா, எதுல வச்சீங்க? எவ்வளவு தண்ணி? கோழி எத்தனை கிலோ? எலுமிச்சை பச்சையா, உப்புல ஊறினதா? இதெல்லாம் தெரியாம என்னத்த சொல்றது?

கரண்டி | 3.18
பூண்டு கருகிருக்கும். கோழி கசந்தா பத்துக்கு ஒம்பது தடவை பூண்டுதான் காரணம். அடிபிடிச்சிருக்கான்னு பாருங்க.

லா_ஷப்பேல் | 3.21
மஞ்சள் கூடிப்போச்சோ? இங்க பாரிசில எங்கட பக்கத்து வீட்டு மொராக்கோ அம்மா அரைத் தேக்கரண்டிக்கு மேல போடமாட்டா. நாங்கள் கறிக்குப் போடுற கணக்கில போட்டால் அதுவே கைக்கும்.

மண்சட்டி_72 | 3.27
புதிதாக வருபவர்கள் கேள்வி கேட்கும் முன் பழைய இழைகளைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று எத்தனை முறைதான் சொல்வது. இருந்தாலும் சொல்கிறேன். தஜீன் கோழியைத் தஜீன் என்ற கூம்பு மூடி போட்ட மண்சட்டியில்தான் சமைக்க வேண்டும். அந்தக் கூம்பு மூடி அழகுக்கு வைத்ததல்ல. ஆவி மேலே ஏறி, மூடியின் உள்பக்கத்தில் பட்டுக் குளிர்ந்து, திரும்பக் கோழி மேலேயே இறங்கும். அதனால்தான் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் தேவைப்படாது. மொராக்கோவில் இதைக் கரித்தணலில், மஜ்மர் என்ற மண் அடுப்பில் வைப்பார்கள். உங்கள் குழம்பு ஓடுகிறது என்றால் நீங்கள் சட்டியில் வைக்கவில்லை. இங்கே உட்கார்ந்தே சொல்வேன்.

புது_அடுப்பு | 3.34
ஆமா சார், குக்கர்லதான் வச்சேன். நாலு விசில். சட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், ஆனா பூ வேலையெல்லாம் செஞ்சது, அடுப்புல வைக்கப் பயமா இருந்துச்சு. தண்ணி கோழி மூழ்குற அளவு. எலுமிச்சை கடையில விக்கிற உப்புல ஊறினது, ரெண்டு, நறுக்கிப் போட்டேன். கோழி ஒண்ணரை கிலோ.

திருச்சி_தம்பி | 3.36
எலுமிச்சையை எப்ப போட்டீங்க? கொட்டையை எடுத்தீங்களா? ஆலிவை அப்படியே போட்டீங்களா?

புது_அடுப்பு | 3.39
எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடிட்டேன். கொட்டை எடுக்கல.

ரபாத்_மருமகள் | 3.44
அப்ப பூண்டும் இல்ல, மஞ்சளும் இல்ல. எலுமிச்சைதான். ஊறின எலுமிச்சையில மேல்தோல்தான் இந்தக் கோழிக்கு வேணும். உள்ள இருக்கிற சதையையும் கொட்டையையும் எடுத்துட்டு, தோலைத் தண்ணியில அலசிட்டு, கடைசிப் பத்து நிமிஷத்துல போடறதுதான் எங்க மாமியார் வழக்கம். அவங்க ஃபெஸ் நகரத்துக்காரங்க. சதையைப் போடணும்னா கோழியில தடவி ஊறவைக்கிற மசாலாவோட கொஞ்சம் பிசைவாங்க, அதுவும் கொட்டை இல்லாம. நீங்க கொட்டையோட குக்கர்ல நாலு விசில் விட்டிருக்கீங்க.

ரெண்டு விஷயம் உடனே சொல்லுங்க: தனியா உப்பு போட்டீங்களா? எந்த ஆலிவ்? எந்த ஊர்ல இருக்கீங்கன்னும் சொல்லுங்க, கடையில என்ன கிடைக்கும்னு பார்த்துச் சொல்றேன்.

வேதியியல்_வாத்தி | 3.46
மேலே சொன்னது சரி. எலுமிச்சை வகைப் பழங்களின் கொட்டையிலும் வெள்ளைத் தோலிலும் லிமோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. நேரம் ஆக ஆகக் குழம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆலிவின் கசப்பு வேறு, அது ஒலியூரோப்பீன். இரண்டுமே ஒருமுறை குழம்பில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. நீர்க்கச் செய்யலாம், எண்ணெயாலும் இனிப்பாலும் அமுக்கலாம், அவ்வளவே.

கரண்டி | 3.49
ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்க. உப்பு, கசப்பு எல்லாத்தையும் இழுத்துக்கும். எங்க வீட்ல எப்பவும் அதான்.

வேதியியல்_வாத்தி | 3.52
இழுக்காதுங்க. உருளை குழம்பை உறிஞ்சும்போது தண்ணீரையும் உப்பையும் சேர்த்தேதான் உறிஞ்சும். பாத்திரத்தில் மிச்சமிருக்கும் குழம்பின் உப்பு அதே அளவில்தான் இருக்கும்.

புது_அடுப்பு | 3.55
காஸாபிளாங்கா. வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. மாடி வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டிருக்கேன், அவங்க இந்த ஊர்க்காரங்க, அதான் பதட்டம். ஆலிவ் ஹபூஸ் சந்தையில வாங்கினது, பச்சை, லேசா நசுக்கி வச்சது. உப்பு ஒண்ணரை ஸ்பூன் போட்டேன்.

லா_ஷப்பேல் | 3.58
அக்கா, கசப்புக்கு இனிப்புத்தான் மருந்து. வெங்காயத்தை வதக்கி, உலர் திராட்சை, தேன், கறுவா போட்டு மேல கொட்டுங்கோ. மொராக்கோக்காரரே அப்பிடிச் செய்யிறவை.

ரபாத்_மருமகள் | 4.02
அது த்ஃபாயா தம்பி. கூஸ்கூஸ்னு கோதுமை ரவையில ஆவில வேகவைக்கிறது இருக்கு, அது மேலயோ, எலுமிச்சை ஆலிவ் இல்லாத கோழி மேலயோ போடறது. உப்பு எலுமிச்சையும் தேன் திராட்சையும் ஒரே தட்டுல வந்தா மாடி வீட்டம்மா முகத்துலயே தெரிஞ்சிடும். வேணாம்.

புது_அடுப்பு, அந்த நசுக்கின பச்சை ஆலிவ் நல்லாவே கசக்கும். பச்சைத் தண்ணியில போட்டு ஒரு கொதி விட்டு வடிச்சுட்டுத்தான் போடணும். சரி, நேரம் இருக்கு, நிதானமா கேளுங்க.

குழம்பை அப்படியே சுண்டவிடாதீங்க. ஊறின எலுமிச்சை உப்பு, ஆலிவ் உப்பு, அது போக ஒண்ணரை ஸ்பூன். பாதியாச் சுண்டினா வாயில வைக்க முடியாது, கசப்பும் கூடவே ஏறும்.

மொதல்ல கோழியை முழுசா வெளிய எடுத்து ஒரு தட்டுல வைங்க. இந்தச் சமையலோட சூட்சுமமே அதுதான். இங்க கோழியும் குழம்பும் கடைசியில தனித்தனி வேலை. கோழி வெந்ததும் எடுத்து, மேல எண்ணெயோ வெண்ணெயோ தடவி அவன்ல வச்சு நிறம் வர வைப்பாங்க. அந்த நேரத்துல பாத்திரத்துல மிச்சம் இருக்கிற வெங்காயத்தை, தண்ணியெல்லாம் வத்தி எண்ணெய் பிரியற வரைக்கும் கிண்டுவாங்க. அந்தக் கெட்டிக் குழம்புக்கு தக்மிரான்னு பேரு. சில வீட்ல கோழி ஈரலையும் மசிச்சு அதுலயே சேர்ப்பாங்க. கல்யாணத்துல முழுக் கோழி செவசெவன்னு மேல எலுமிச்சைத் தோலோட வருதே, அது இந்த முறைதான்.

இப்ப உங்க குழம்பை வடிகட்டுங்க. எலுமிச்சை, கொட்டை, ஆலிவ் எல்லாத்தையும் எடுத்துடுங்க, வடிச்ச தண்ணியைத் தனியா வைங்க. ரெண்டு மூணு பெரிய வெங்காயத்தைத் துருவிக்கோங்க. நறுக்கினா கரையாது, துருவினாத்தான் கூழாகும். அகலமான வாணலியில ஆலிவ் எண்ணெய் தாராளமா விட்டு, வெங்காயம், அரை ஸ்பூன் சுக்குப்பொடி, கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ போடுங்க. உப்பு கிடையாது. சின்னத் தீயில வெங்காயம் பச்சை வாசனை போய்க் கரையட்டும். அப்புறம் வடிச்ச தண்ணியை ஒரு கரண்டி விட்டுச் சுண்டவிடுங்க. ருசி பாருங்க. கசப்பு தெரியலன்னா இன்னொரு கரண்டி. தெரிய ஆரம்பிச்ச இடத்துல நிறுத்திட்டு மீதியைக் கொட்டிடுங்க. மனசு வராது, ஆனா கொட்டணும்.

கடைசியா மல்லித்தழை, பார்ஸ்லி பொடியா நறுக்கிப் போடுங்க. வீட்ல இன்னொரு ஊறின எலுமிச்சை இருந்தா தோலை மட்டும் அலசி, நீளமாக் கீறி மேல வைங்க. புது ஆலிவைக் கொதிக்க வச்சு வடிச்சு அஞ்சு நிமிஷம் முன்னாடி போடுங்க.

திருச்சி_தம்பி | 4.08
அக்கா, கோழி உள்ளயும் கசப்பு ஏறியிருக்குமே?

ரபாத்_மருமகள் | 4.11
பிராய்லர்னா அவ்வளவா ஏறியிருக்காது. தோலையும் ஓரத்தையும் ஒரு விள்ளல் பிச்சுப் பாருங்க. கசந்தா வெந்நீர்ல ஒருதரம் அலசிட்டு வெண்ணெய் தடவி அவன்ல வைக்கலாம். நாலு விசில்ல கோழி எலும்பை விட்டுக் கழண்டிருக்கும், அதனால தூக்கும்போது அகலமான ரெண்டு கரண்டியால தாங்கித் தூக்குங்க.

மண்சட்டி_72 | 4.15
குக்கரில் வைத்ததைச் சரிசெய்ய இவ்வளவு பாடா? முதலிலேயே சட்டியில் வைத்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. குக்கரில் செய்ததைத் தஜீன் என்று சொல்வதே தவறு. கோழிக்குழம்பு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

ரபாத்_மருமகள் | 4.20
சார், உங்க சட்டிப் பாசம் எனக்குப் புரியுது, ஆனா இந்த ஊர் வீடுகள்ல நடக்கறது அது இல்ல. இங்க பாதி வீட்ல வாரநாள்ல குக்கர்தான். பத்துப் பேருக்கு நாலு கோழி வைக்கணும்னா எந்தத் தஜீன் சட்டியில பிடிக்கும்? கல்யாண வீட்டுக் கோழி பெரிய அண்டாவுலதான் வேகுது. சட்டியில காய்கறி, ஆட்டுக்கறி, மீன் உருண்டை எல்லாம் அருமையா வரும், மறுக்கல. அதுக்காகக் குக்கர்ல வச்சவங்க சமையலைப் பொய்னு சொல்லாதீங்க.

மண்சட்டி_72 | 4.26
வசதிக்காக மாறிப்போனதை மரபு என்று சொல்லக் கூடாது. வேகவைப்பது வேறு, தணலில் அடங்கிப் பதமாவது வேறு. சட்டியில் ஒன்றரை மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில்தான் வெங்காயம் அடியில் கரைந்து, தண்ணீர் தானாக வற்றி, எண்ணெய் மேலே மிதக்கும். குக்கரில் ஆவி வெளியேறாது, ஊற்றிய தண்ணீர் அத்தனையும் அப்படியே இருக்கும். இவர் குழம்பு ஓடியதற்குக் காரணமே அதுதானே?

வேதியியல்_வாத்தி | 4.30
குக்கரில் தண்ணீர் வற்றாது என்பது உண்மை. அதோடு பிராய்லர் கோழி தன் பங்குக்குத் தண்ணீர் விடும். ஆனால் அரை டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு, பிறகு திறந்து சுண்டவைத்தால் முடிந்தது. குறை தண்ணீர் அளவில்தான், பாத்திரத்தில் இல்லை.

மண்சட்டி_72 | 4.33
வாதத்துக்காகச் சொல்கிறீர்கள்.

கரண்டி | 4.35
எனக்கும் ஒரு சந்தேகம். ராஸ் எல் ஹனூத் மசாலா போடவே இல்லையா? மொராக்கோன்னா அதானே முக்கியம்? கூஸ்கூஸ் மேல வச்சுத்தானே தருவாங்க?

மண்சட்டி_72 | 4.41
ரெண்டும் இல்லை. எலுமிச்சை ஆலிவ் கோழிக்கு இஞ்சி, குங்குமப்பூ, மிளகு, மஞ்சள் போதும். ராஸ் எல் ஹனூத் சேர்ந்தால் குங்குமப்பூவின் வாசனை அடிபட்டுப் போகும். மொராக்கோவின் குங்குமப்பூ தாலியூயின் பகுதியில் விளைவது, அதை வாங்கிவிட்டு இருபது மசாலாவுக்கு அடியில் புதைப்பது பாவம். கூஸ்கூஸ் அங்கே வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு, தனிச் சமையல். 2020இல் யுனெஸ்கோ அதை அல்ஜீரியா, மொரிட்டானியா, மொராக்கோ, துனிசியா நான்கு நாட்டுக்கும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றியது. தஜீனுக்கு ரொட்டிதான். கிழித்து, மூன்று விரலால் குழம்போடு அள்ளிச் சாப்பிடுவது.

ரபாத்_மருமகள் | 4.44
இதுல சார் சொல்றது அத்தனையும் சரி. புது_அடுப்பு, பேக்கரியில வட்ட ரொட்டி, இங்க கொப்ஸ்ம்பாங்க, அஞ்சாறு வாங்கிடுங்க. சோறு வடிக்காதீங்க.

இன்னொண்ணு. பூ வேலை செஞ்ச அந்தச் சட்டியை அடுப்புல வைக்காதது நல்லதாப் போச்சு. அந்த மாதிரி வண்ணம் பூசினது பரிமாறத்தான். சிலதுல மெருகுல ஈயம் இருக்கும். சமைக்கணும்னா வேலைப்பாடு இல்லாத செம்மண் சட்டி வாங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறவச்சு, காயவச்சு, எண்ணெய் தடவி இளஞ்சூட்டுல பழக்குங்க. கேஸ் அடுப்புன்னா நடுவுல ஒரு இரும்புத் தகடு வேணும். சூடான சட்டியில பச்சைத் தண்ணி விட்டா விரிஞ்சிடும்.

திருச்சி_தம்பி | 6.50
அக்கா, என்ன ஆச்சு?

கரண்டி | 7.30
ஆளைக் காணோமே. உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தாங்களா?

புது_அடுப்பு | இரவு 11.52
எல்லாரும் இப்பத்தான் கிளம்பினாங்க. வடிச்ச தண்ணி மூணு கரண்டிதான் விட்டேன், நாலாவதுல கசப்பு தெரிஞ்சுது, மீதியைக் கொட்டிட்டேன். குழம்பு கெட்டியா, மஞ்சளா, ஓரமெல்லாம் எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சு. கோழி கால் ஒண்ணு தனியாக் கழண்டுடுச்சு, மத்தபடி முழுசா வச்சேன். அந்த வீட்டுப் பாட்டி ரொட்டியால தட்டு நடுவுல இருந்த வெங்காயத்தைத்தான் மொதல்ல எடுத்தாங்க. ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும் நன்றி.

ரபாத்_மருமகள் | மறுநாள் காலை 8.05
நடு வெங்காயத்தை எடுத்தாங்கன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். சந்தோஷம்.

மண்சட்டி_72 | 8.40
நல்லது. அடுத்த முறை செம்மண் சட்டி. எந்த அளவு வாங்குவது என்று பழைய இழையில் எழுதியிருக்கிறேன்.

மாம்பலம்_மாமி | 10.15
இழை முழுக்கப் படிச்சேன். சென்னையில அந்த ஊறின எலுமிச்சை எங்க தேடறது? ஆத்துல உப்பு நார்த்தங்காய் இருக்கு, அதைப் போடலாமோ?

ரபாத்_மருமகள் | 10.32
மாமி, நார்த்தங்காய் வெயில்ல காய்ஞ்சது, கசப்பும் கூட. இதுக்கு ஒத்து வராது. வீட்லயே போட்டுடலாம். தோல் மெல்லிசா இருக்கிற எலுமிச்சையை அடி ஒட்டியிருக்க நாலாப் பிளந்து, உள்ள கல்லுப்பு அடைச்சு, கண்ணாடி ஜாடியில இடைவெளி இல்லாம அமுக்கி, மேல மூழ்குற வரைக்கும் எலுமிச்சைச் சாறு விடுங்க. வெயில்ல வைக்க வேணாம், மூடி அலமாரியில வச்சாப் போதும். ஒரு மாசத்துல தோல் கண்ணாடி மாதிரி ஆகி, விரல்ல அமுக்கினா நசுங்கும். அப்பத்தான் எடுக்கணும். எடுக்கிற கரண்டி ஈரமில்லாம இருக்கட்டும். மிளகாய்த்தூளோ வெந்தயமோ கண்டிப்பா கூடாது.